ஓடி வருகிறவன்

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, நோயாளியின் மகளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"இதைப் போட்டா வலி தெரியாதுக்கா. நல்லாத் தூங்குவாரு. ஆனா திரும்பக் கண்ணு முழிச்சுப் பேசுவாருன்னு சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

கட்டிலில் அப்பா போர்வையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக நின்றுகொண்டே காலம் தள்ளிய கால்கள் மடங்கிக் கிடந்தன. தம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தான். இன்னும் பாதி வழி இருந்தது. அவள் போன் செய்தாள்.

"கொஞ்சம் பொறுக்கா. வந்து ஒரு வார்த்தை பேசிடறேன், அப்புறம் போடச் சொல்லு."

"முடியலடா அவருக்கு."

"அப்பாவைக் கேட்டா என்ன சொல்லுவாரு? ஓடி வர்ற ஆளை விட்டுட்டு விசில் அடிக்காதேம்பாரு."

உண்மைதான். தூரத்தில் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், அப்பா படியில் நின்று கையை நீட்டியபடி காத்திருப்பார். டிரைவர் கத்துவார். "நீ கத்தி முடிய்யா, அதுக்குள்ள அவரு வந்துடுவாரு" என்பார்.

சர்வீஸ் முழுக்க ஒரே ஒரு ஆளைத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனார். பரீட்சைக்கு நேரமாகி ஓடி வந்த தம்பியை. அன்று வண்டிக்குள் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். தம்பி பரீட்சையைக் கோட்டைவிட்டான். ராத்திரி அப்பா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் தட்டிலிருந்து ஊட்டினார். 'பெத்த புள்ளையை விட்டுட்டுப் போன கண்டக்டரு' என்று இன்றுவரை தம்பி கிண்டலடிக்கிறான்.

அப்பா பல்லைக் கடித்தார். தம்பி வந்து பேசுவது நல்லதுதான். வலி நிற்பதும் நல்லதுதான். இரண்டில் ஒன்று கெட்டதாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! அவள் கண்ணை மூடி, 'கடவுளே, நீயே சொல்லு' என்றாள். கண்ணைத் திறந்தபோது அந்த விரல்கள் இன்னும் போர்வையை முறுக்கிக்கொண்டிருந்தன.

போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"பேசுடா. இப்பவே பேசிடு."

"அப்பா… அப்பா… வந்துட்டே இருக்கேன்ப்பா."

அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் போனைத் திரும்ப எடுத்தாள்.

"ஊசி போடச் சொல்றேன்டா."

போனை வைத்தாள். அவள் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் போர்வையை விட்டன. நர்ஸ் போவதற்கு முன் அந்தக் கசங்கல்களை நீவிவிட்டுப் போனாள். வெயில் இறங்கும் நேரத்தில், தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

தம்பி மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தான். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து இழுபட்டது. கதவருகில் நின்று கட்டிலைப் பார்த்தான். அவள் கட்டிலை ஒட்டிக் கிடந்த பெஞ்சிலிருந்து எழவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"விசில் குடுத்துட்டியா?"

"உள்ள இருந்தவருக்கு வலிடா."

அவன் மூச்சிரைக்க நின்றான். பிறகு கட்டிலருகே வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருக்கா."

அவள் நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.