ஒட்டின படம்

கோட்டுப் பையின் கிழிசலைத் தைக்க ஷம்லா அதைப் புரட்டிப் போட்டபோது, உள்ளேயிருந்து மூன்று சிப்பாய்கள் மேசையில் விழுந்தார்கள்.

விரல் நீளம்தான் இருப்பார்கள். ஏதோ புகைப்படத்திலிருந்து யாரோ ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். தொப்பி, துவக்கு, சப்பாத்து நாடா ஒன்றும் குறையவில்லை. நிற்பதற்கு நிலம் மட்டும் இல்லை. ஷம்லா கையைப் பின்னுக்கு இழுத்தாள். அடுத்த கணம் தன்மேலேயே கோபம் வந்தது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருசமாகிறது. வோபர்னில், மார்க்கம் வீதியில், ஒரு டிறை கிளீனிங் கடையின் பின்னறையில் இருந்துகொண்டு கடதாசிச் சிப்பாய்க்குப் பயப்படுவதா? மூன்று பேரையும் ஒரு கடித உறைக்குள் போட்டுக் கோட்டோடு சேர்த்துக் குத்தி வைத்தாள்.

சனிக்கிழமை கோட்டுக்காரி வந்தாள். நரை கலந்த செம்பட்டை முடி, விரல் நுனிகளில் காய்ந்த பசை.

"என் சிப்பாய்கள் பத்திரமாக இருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

பெயர் பிறோனா. அயர்லாந்தின் வடக்கே டெரி என்ற ஊர்க்காரி. அவளுடைய ஆங்கிலம் ஷம்லாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஷம்லாவின் ஆங்கிலம் அவளுக்கும் அப்படித்தான். ஆகவே இருவரும் மெல்ல மெல்லப் பேசினார்கள். பிறோனா தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு சமையலறை. ஒரு கிழவி தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கோப்பைகளுக்கு நடுவில், சீனிப் போத்தலுக்குப் பின்னால், ரொட்டியின் மேல், எங்கே பார்த்தாலும் துவக்கோடு சிப்பாய்கள்.

"அது என் அம்மா" என்றாள்.

"உண்மையா நடந்ததோ?"

"நடந்தது. பிரித்தானிய இராணுவம் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது எங்களில் யார் கையில் கமரா இருந்தது? அம்மாவைப் பிறகு எடுத்தேன். சிப்பாய்களைத் தெருவில் எடுத்தேன். வெட்டி ஒன்றாக ஒட்டினேன். அவ்வளவுதான்."

அவள் போன பிறகும் ஷம்லாவின் மனம் அந்தச் சமையலறையை விட்டு வரவில்லை. ஏனென்றால் ஷம்லாவிடம் ஒரு படம்கூட இல்லை. கலியாணப் படம் இல்லை, உம்மாவின் படம் இல்லை, யாழ்ப்பாணத்தில் சோனகதெருவில் இருந்த வீட்டின் படம் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ தெருவால் போனது. முஸ்லிம்கள் எல்லாரும் உடனே மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. போனார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அங்கே துவக்கோடு நின்ற தமிழ் இயக்கப் பொடியன்கள் சொன்னார்கள். தெரு முனையில் மறித்துச் சோதித்தார்கள். ஷம்லாவுக்குக் கலியாணம் முடிந்து அப்போது ஆறு மாதம். இயக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, ஷம்லாவை விட வயதில் சின்னவள், "தோட்டையும் கழட்டுங்கோ அக்கா" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். படங்கள் இருந்த பையையும் வாங்கி ஓரமாய் எறிந்தாள். அடுப்பில் ஏற்றி வைத்த உலையை இறக்கக்கூட நேரம் இருக்கவில்லை. அதன் பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் மூன்று வருசம்.

ரொறன்ரோவில் இதைத் தமிழர் யாரிடமாவது சொன்னால், "அப்பிடியோ? பேப்பரிலை ஒண்டும் பெரிசா வரேல்லையே" என்பார்கள். அல்லது பேச்சை மாற்றுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிறோனா காற்சட்டை ஒன்றோடு வந்தபோது ஷம்லா முந்திக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்டு ஒட்டித் தருவீங்களோ?"

அந்தக் கோடை முழுவதும் அந்தப் படம் வளர்ந்தது. பிறோனாவின் வீடு இரண்டு பஸ் தள்ளி இருந்தது. அறை முழுவதும் வெட்டிய மனிதர்கள் உறை உறையாகக் கிடந்தார்கள். ஷம்லா சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். முதலில் தன் ஊரான டெரியின் கதவுகளை வரிசையாக ஒட்டினாள்.

"உது எங்கடை கதவில்லை" என்றாள் ஷம்லா.

"ஆட்கள் போய்விட்டால் எல்லாக் கதவும் ஒன்றுதானே?"

"இல்லை. ஒண்டில்லை. எங்கடை கதவு ரெண்டு பக்கமும் திறக்கும். வெயில் வலப்பக்கத்தாலை வரும்."

பிறோனா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். பிறம்ரனுக்கு அப்பால் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் இரட்டைக் கதவு இருக்கிறதென்று அறிந்து, காரை எடுத்துக்கொண்டு ஷம்லாவையும் ஏற்றிப் போய், வெயில் வலப்பக்கம் வரும்வரை காத்திருந்து எடுத்தாள். அதைப் பத்துப் பிரதி போட்டு, டெரிக் கதவுகளுக்குப் பதிலாக ஒட்டினாள். வெறும் தெரு. திறந்த கதவுகள். உள்ளே ஆளில்லாமல் கொதிக்கும் உலைப்பானை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஷம்லா, உள்ளங்கைகளை விரித்தபடி, வெறும் காதோடு.

"பயமில்லையா?" என்று, ஷம்லாவின் உருவத்தை ஒட்டுவதற்கு முன் பிறோனா கேட்டாள். தன் கதையையும் சொன்னாள். சிப்பாய்களைப் பற்றிய படங்களை அவளுடைய தெருக்காரர் கொண்டாடி, மதுக்கடையில்கூட மாட்டி வைத்தார்களாம். பிறகு, தங்கள் பக்கத்துப் பொடியன்கள் ஒரு அயலவனைக் கொண்டுபோய்த் திரும்ப விடாததைப் பற்றி ஒரு படம் ஒட்டினாளாம். அடுத்த கிழமை யன்னலால் கல் வந்ததாம். "இரண்டாவது கல்லுக்குப் பிறகுதான் கனடா வந்தேன். ஆனால் அந்தப் படத்தை நான் கழற்றவில்லை" என்றாள்.

"எனக்குப் பயம்தான்" என்றாள் ஷம்லா. "ஆனா ஒட்டுங்கோ."

அந்த வருசம், தொண்ணூற்றைந்து ஐப்பசியிலேதான் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் மழையில் நடந்து வெளியேறியது. ஐந்து இலட்சம் சனம். ரொறன்ரோவில் அழாத தமிழ் வீடு இல்லை. ஷம்லாவும் அழுதாள். தமிழ் முதியோர் சங்கத்துச் செயலாளர் பொன்னம்பலம், பிறோனாவின் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளைத் தேடி வந்தார். ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த மனிதர். அவருடைய வீடும் போயிருந்தது. எங்கள் ஆட்களையும் இப்படிப் படமாக்குங்கள் என்று கேட்டார். பதினொரு பேர் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். மங்கையற்கரசி என்ற அம்மாவுக்குக் குண்டுவீச்சில் மகன் செத்திருந்தான். படத்தில் அவரை மழையில், மூட்டை முடிச்சோடும் கையில் மகனின் படத்தோடும், ரொறன்ரோவின் நானூற்றொன்றாம் இலக்கப் பெருந்தெரு நடுவே, கார்களுக்கும் லொறிகளுக்கும் இடையில் நடக்க விட்டிருந்தாள் பிறோனா.

அடுத்த பங்குனியில் ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தில் பன்னிரண்டு படங்களும் மாட்டப்பட்டன. வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஷம்லாவின் படம் பன்னிரண்டாவது, மங்கையற்கரசியின் படத்துக்குப் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமையே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. பொன்னம்பலம் ஷம்லாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நடந்தது பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இப்ப அதுக்கு நேரமில்லை. வெள்ளைக்காரன் பாத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"அஞ்சரை வருசமா அந்த நேரம் வரேல்லை, அண்ணை. எப்ப வருமெண்டு சொன்னா அண்டைக்கே வந்து மாட்டுறன்."

அவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, தேத்தண்ணி குடிக்கும்போது ஷம்லாவின் கணவன் ஸியாத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீர் இண்டைக்குப் போகவேண்டாம். கடையிலை ஆக்கள் என்னைப் பாக்கிற பார்வை சரியில்லை." அவன் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான்.

"பாக்கட்டும். பாக்கத்தானே படம் வைச்சது."

"ஷம்லா..."

"மைதானத்திலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனாங்கள். அங்கை துவக்கு இருந்தது. இஞ்சை என்ன இருக்கு?"

மத்தியானம் அவள் மண்டபத்துக்குப் போனபோது பன்னிரண்டாவது இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மண்டபப் பொறுப்பாளர் கிளடிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லையாம். அது உண்மையான புகைப்படமே இல்லை, வெட்டி ஒட்டிய பொய் என்கிறார்களாம். பிரச்சினை வேண்டாமென்று அந்த ஒன்றை மட்டும் கழற்றி அலுவலகத்தில் வைத்திருக்கிறாளாம்.

பிறோனா முகம் சிவந்து, ஏணியில் நின்று மற்றப் படங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"பன்னிரண்டும் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது!" என்று கத்தினாள்.

ஷம்லா ஏணியைப் பிடித்தாள். "இறங்குங்கோ."

"உனக்காகத்தான் செய்கிறேன்!"

"எனக்காக எண்டால் இறங்குங்கோ. அந்தம்மாவின்ரை மகன் செத்தது பொய்யோ? மற்றவையின்ரை கண்ணீரைக் கழட்டி என்ரை கண்ணீருக்கு விலை பேசாதேங்கோ."

"படம் என்னுடையது, ஷம்லா."

"முகம் என்னுடையது."

ஏணியின் மேலும் கீழும் இரண்டு பெண்களும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பிறோனா இறங்கினாள். கழற்றிய இரண்டையும் திரும்ப மாட்டினாள். ஆணி அடிக்கும்போது மட்டும் தேவைக்கு மேல் பலமாக அடித்தாள்.

ஷம்லா கோட்டைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்தாள். வெறும் ஆணிக்குக் கீழே போய் நின்றாள். உள்ளங்கைகளை விரித்தாள்.

கிளடிஸ் ஓடி வந்து, இப்படி நிற்க அனுமதி எடுக்கவேண்டும் என்றாள். நிற்பதற்கும் அனுமதியா என்று பிறோனா கேட்டாள். கிளடிஸ் யோசித்துவிட்டுப் போய்விட்டாள்.

சனம் வந்தது. சிலர் பதினோராவது படத்தோடு திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்கள். சிலர் அவளுக்கு முன்னால் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். தோற்சட்டை போட்ட ஒரு இளைஞன் மட்டும் துணிந்து கேட்டான்.

"அக்கா, இஞ்சை இருந்தது ஒட்டின படமாமே. ஒரிஜினல் எங்கை?"

"ஒரிஜினல் நான்தான். கேளும்."

அவன் கேட்கவில்லை. ஆனாலும் போகவில்லை. ஷம்லா ஓட்டோவில் தொடங்கி, தோட்டைக் கழற்றியது வரை சொன்னாள். மாலைக்குள் ஏழெட்டுத் தரம் சொன்னாள். ஒருவர் "பொய்" என்று சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்கும் நிப்பன், வாங்கோ" என்று போகிறவரின் காதில் விழும்படி சொன்னாள்.

ஞாயிறும் நின்றாள். கால் வீங்கியிருந்தது. பிறோனா ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தாள், ஷம்லா அதில் இருக்கவில்லை. பின்னேரம் மங்கையற்கரசி வந்தார். தன்னுடைய படத்தைப் பார்க்கவில்லை. நேரே ஷம்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்த ஓட்டோ எங்கடை ஒழுங்கையாலையும் போனது, பிள்ளை. நான் யன்னலைச் சாத்தினனான்."

மங்கையற்கரசி இன்னும் ஒரு அடி கிட்ட வந்தார்.

"பிறகு உங்கடை ஆக்களின்ரை சாமான்கள் விலைக்கு வந்தது. நான் ஒரு அலுமாரி வாங்கினனான். தேக்கு. கண்ணாடி வைச்சது."

"கண்ணாடி வட்டமோ, சதுரமோ, அன்ரி?"

"சதுரம்."

"அப்ப எங்கடையில்லை. எங்கடையது வட்டம்."

"ஆரோ ஒருத்தியின்ரை."

"ஓம். ஆரோ ஒருத்தியின்ரை."

"பரவாயில்லை" என்ற சொல் ஷம்லாவின் வாய்வரை வந்தது. அதை அவள் விழுங்கினாள். அந்த அம்மாவும் அதை எதிர்பார்த்து வந்தவர்போலத் தெரியவில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார். திரும்பி வரும்போது படம் அவர் கக்கத்தில் இருந்தது. பொன்னம்பலம் பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"அக்கா, என்ன வேலை பாக்கிறியள்?"

"என்ரை பிள்ளையின்ரை படத்துக்குப் பக்கத்திலை வெறும் ஆணி நிக்கிறது எனக்கு வடிவில்லை, பொன்னம்பலம். வேணுமெண்டால் நீர் வந்து கழட்டும், பாப்பம்."

மகனைப் பறிகொடுத்த தாயின் கையிலிருந்து படத்தைப் பறிக்க அந்த மண்டபத்தில் யாருக்கும் துணிவில்லை. பொன்னம்பலம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மங்கையற்கரசி மாட்டிய படம் கொஞ்சம் சரிந்து தொங்கியது. மூடுவதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. அதுவரை ஷம்லா படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வேலை முடிந்து, மீன் வாசம் போகாத கையோடு ஸியாத் வந்தான். அவளுக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனும் கைகளை விரித்தான்.

இரண்டு கிழமையில் கடைக்காரர் வேலை குறைந்துவிட்டது என்று ஸியாத்தை வேலையிலிருந்து நிற்பாட்டினார். வேலை குறையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கப் போனான். விடிய முதல் எழும்பி மூன்று பஸ் மாற வேண்டும். ஒருநாளாவது ஷம்லாவைக் குறை சொல்லவில்லை. கோடையில் பிறோனா அதே படங்களை நகருக்குள் ஒரு கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பன்னிரண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். அந்த நிபந்தனையை எழுதச் சொன்னது ஷம்லா.

பொன்னம்பலத்துக்கும் ஷம்லாவுக்கும் ஒரே பஸ் தரிப்புத்தான். அவளைக் கண்டால் அவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைப்பார். ஷம்லா நேரே அவருக்கு முன்னால் போய் நிற்பாள்.

"அண்ணை, சுகமோ?"

பதில் வராது. அடுத்த நாளும் கேட்பாள். மழையிலும் கேட்டாள், பனியிலும் கேட்டாள். ஒன்பதாவது மாதம், பஸ் தாமதித்த ஒரு காலையில், பத்திரிகையை இறக்காமலே அவர், "ஓம்" என்றார். அது போதாது என்று ஷம்லாவுக்குப் பட்டது. மறுநாளும் அதே இடத்தில் போய் நின்றாள்.