செவலை அடைகாத்த பல்

கொன்னையாம்பாளையத்தில் யாருக்கும் பல் கட்டுவதில்லை. பல் போன குழியில் முட்டை ஓட்டுப் பொடியை அடைத்து, மேலே கோழியை அடை வைப்பார்கள்.

கோகிலவாணியின் முன்பல்லைத் தட்டியது அவள் பெற்ற பிள்ளை. தூங்கிவிட்டான் என்று குனிந்து பார்த்தாள். அவன் விருட்டென்று தலையைத் தூக்கினான். பல் பாயில் கிடந்தது. அடுத்த மாதம் தம்பி கல்யாணம். சீர் செய்கிற அக்கா இவள் ஒருத்திதான். போட்டோவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இந்த ஓட்டைவாய்தான் நிற்கும்.

டாக்டர் நாச்சிமுத்து முட்டை ஓட்டைச் சுட்டு, மாவாக அரைத்து, குழியில் அடைத்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு எலும்பு வளரும். எலும்பு வந்துட்டாப் பல்லு தானா வரும். ஓடு எந்தக் கோழியோடது?"

"எங்க செவலையோடதுங்க."

"அப்ப செவலையே உட்காரட்டும் அம்மிணி. அடுத்த வீட்டுக் கோழி உட்கார்ந்தாப் பல்லு கோணையா வரும்."

செவலை மறுபேச்சுப் பேசவில்லை. கோகிலவாணி மல்லாந்து படுத்ததும் மேலுதட்டில் ஏறி, இறகை விரித்து அமர்ந்தது. வேலை செய்ய எழுந்தால் கோழியை முகத்தோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வாள். அப்படியே சோறு பொங்கினாள். அப்படியே டவுன் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். அடைக்கோழிக்கு டிக்கெட் கிடையாது.

"கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை ரகசியம் பேச முடியுதா? மூக்கைக் கொத்துது," என்றார் அவள் கணவர் தனபால்.

"சத்தமாப் பேசுங்க மாமா. அதுக்கும் பொழுது போகணுமல்லொ," என்றாள் இறகுக்குள்ளிருந்து.

கல்யாணத்தன்று விடிகாலையில் பல் பொரித்தது. வெள்ளையாக, ஈரமாக. அவள் கண்ணாடியை எடுப்பதற்குள் செவலை கொக்கரித்துக்கொண்டு இறங்கியது. பல்லும் குதித்து அதன் பின்னாலேயே போய்விட்டது.

"டாக்டருங்க, பல்லு மேயப் போயிருச்சுங்க," என்றாள் போனில்.

"தாய் பின்னால போகாம என்ன செய்யும்? இரை போடற கைக்கு வந்துரும். மடியில கொஞ்சம் கம்பு வெச்சுக்க அம்மிணி."

தாயையும் பல்லையும் கூடையில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே பல் கூடையில் தங்கவில்லை. செவலையை விட்டுவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டது. சீர் முடிந்து போட்டோவுக்கு நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நீ சிரிக்காம நான் தாலி கட்ட மாட்டேன்," என்றான் தம்பி. ஐயர் நாழியாகிறது என்றார். பெண்ணின் அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கோகிலவாணி மடியிலிருந்த கம்பை மணவறை முன்னால் இறைத்தாள். "பா, பா, பா."

சாம்பார் வாளிகளுக்கு நடுவிலிருந்து பல் ஓடிவந்தது. இரண்டு கம்பு மணியை மென்றது. அவள் குனிந்து வாயைத் திறந்தாள். எம்பிக் குதித்து, குழியில் ஏறி, நேராக நின்றது. கோணல் துளியும் இல்லை. போட்டோ எடுத்தார்கள், தாலி கட்டினார்கள்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் பல் இறங்கிச் செவலையின் இறக்கைக்குள் புகுந்தது. கூடையை மூடப் போனவள் குனிந்து பார்த்தாள். அவள் பல்லை ஒட்டி, தங்க உறை போட்ட கடைவாய்ப்பல் ஒன்றும் படுத்திருந்தது.

"பொண்ணு வீட்டுப் பல்லாட்ட இருக்குது," என்றார் தனபால்.

"இருட்டிருச்சுங்க மாமா. இங்கயே படுக்கட்டும். காலையில எந்த வாயின்னு விசாரிச்சு அனுப்பிக்கலாம்," என்று அதற்கும் கொஞ்சம் கம்பு போட்டு மூடினாள்.