இடைநாள் வேலை

வாசல் படிக்கட்டில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிச் செல்லம் தேய்க்கத் தொடங்கியபோது கிழக்கு வெளுக்கவில்லை. குளோரின் நெடி மூக்கை அறுத்தது. விரலிடுக்குப் புண்ணில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே கனகராஜ் கழிப்பறை வாளிகளை இழுக்கிற சத்தம். எல்லாரும் மலாயில் 'காக்', அக்கா, என்று கூப்பிடும் ரொஹானா மாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்வாசல் கண்ணாடிச் சுவரோரம் மடக்கு ஏணியில் நின்று புஷ்பவள்ளி மேல்பக்கத்தைத் துடைத்தாள்.

நான்கு பேருக்கும் அன்றைக்குச் சம்பளம் கிடையாது.

ஜொகூர் பாருவில், பத்திரங்களுக்கு முத்திரை வைத்துக் கொடுக்கும் அயலுறவு முகாமையின் அந்தக் கிளையில் துப்புரவுக் குத்தகை முடிந்துவிட்டது. பழைய குத்தகைக்காரன் சீருடையைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். குத்தகை மாறும்போதெல்லாம் இதுதான் வழக்கம். புதியவன் வரும்வரை இவர்கள் கூலியில்லாமல் வந்து கூட்டுவார்கள், துடைப்பார்கள். வருகிறவன் கண்ணில் படவேண்டும். இவர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றவேண்டும். இடைநாள் வேலை என்று அதற்கு அவர்களே பெயரும் வைத்திருந்தார்கள். காவலாளி வாசலைத் திறந்துவிடுவார். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இந்த முறை புதிய குத்தகைக்காரன் வரப்போவதில்லை. ஆளெடுப்பில் சீர்திருத்தமாம். பெரிய அதிகாரி முதல் துப்புரவாளர் வரை முகாமையே நேராக எடுக்குமாம். சிபாரிசு, கைக்கூலி செல்லாதாம். எல்லாருக்கும் நேர்முகத் தேர்வாம். கேட்ட அன்று செல்லத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வாதம் வந்து படுத்த புருசனுக்கு மருந்துக்கு இனி யார் வாசலிலும் நிற்கவேண்டாம் என்று நினைத்தாள். அதனால்தான் இந்தத் தடவை எல்லாருமே கூடுதலாக விழுந்து விழுந்து உழைத்தார்கள்.

"புஷ்பாக்கா, ரொம்பத் தேய்க்காதே. கண்ணாடி கரைஞ்சிடும் லா," என்று உள்ளிருந்து கனகராஜ் கத்தினான்.

"கரையட்டும். உன் மூஞ்சி அதுல தெரியாம இருந்தாச் சரி," என்றாள் புஷ்பவள்ளி.

சிரித்து வாய் மூடவில்லை. ஏணியின் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. ஈரத்தில் அது வழுக்கியது. விழுந்தவள் அலறவில்லை, "அம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

மருத்துவமனையில் பதிவு செய்த பெண் மலாயில் கேட்டாள்: "மஜிக்கான் யாரு?"

முதலாளி யார்? முதலாளி இருந்தால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் விபத்துக் காசு வரும். செல்லம் வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை.

மத்தியானம் நிர்வாக அதிகாரி தயானந்தன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு புஷ்பவள்ளி யாருகிட்டயும் வேலை செய்யல, செல்லம். சிஸ்டத்துல பேரே இல்ல. ஏன் வந்தாங்க?"

"தேர்வுக் குழு வருது, முன் கண்ணாடி பளிச்சுனு இருக்கணும்னு நீங்கதானே சார் நேத்து சொன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேன். ஏணியில ஏறச் சொன்னேனா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இன்டர்வியூல குழு இதக் கேக்கும். ஏதோ பத்திரத்துக்கு முத்திரை வாங்க சொந்த வேலையா வந்தாங்க, வந்த எடத்துல விழுந்துட்டாங்கன்னு சொல்லிடுங்க. உங்களுக்காகக் குழுகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்றேன்."

"சிபாரிசு கிடையாதுன்னீங்களே சார்?"

தயானந்தன் கழுத்துப்பட்டி அட்டையைச் சரிசெய்துகொண்டார். "நல்லதுக்குத்தான் சொல்றேன். போங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் செல்லத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் தம்போய் போகிற பஸ்ஸுக்கு மூவரும் நின்றார்கள். மற்ற இருவரையும்கூடத் தயானந்தன் தனித்தனியே கூப்பிட்டு அதையே சொல்லியிருந்தார்.

"அவர் சொன்னதச் சொன்னா வேலை. சொல்லலேன்னா புஷ்பாக்காவுக்கும் ஒண்ணும் வராது, நமக்கும் ஒண்ணும் வராது," என்றான் கனகராஜ். "நம்ம பேச்சு எந்த அம்பலத்துல ஏறும்?"

காக் ரொஹானா தரையைப் பார்த்தபடி மலாயில் சொன்னாள்: "இன்னைக்கு அவ விழுந்தா. நாளைக்கு நான் விழுந்தா, என்னப் பத்தி என்ன சொல்வீங்க?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் முதலில் செல்லத்தைத்தான் அழைத்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மூலையில் தயானந்தன்.

"முன் அனுபவம்?"

"பதினாறு வருசம். இதே கட்டடம்."

இளம்பெண் ஒருத்தி திரையைத் தட்டிப் பார்த்தாள். "சிஸ்டத்துல அப்படிக் காட்டலையே. எல்லாம் வேற வேற கம்பெனி. பாதிக் கம்பெனி இப்ப இல்ல."

செல்லம் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"நேத்து விழுந்த அம்மா எதுக்கு இங்க வந்தாங்க?"

கட்டிலில் கிடக்கிற புருசன் முகம் வந்தது. அவன் முகத்தைத் தள்ளிக்கொண்டு, உதட்டைக் கடித்து வலியை விழுங்கிய புஷ்பாவின் முகம் வந்தது.

"வேலைக்கு," என்றாள். "நானும் வேலைக்குத்தான் வந்தேன். கண்ணாடி தொடைக்கச் சொன்னாங்க, தொடைச்சோம்."

தயானந்தன் கூரையைப் பார்த்தார். நடுவில் இருந்தவர் ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை. "நன்றி. போகலாம்."

வெளியே கனகராஜ் எழுந்து நின்றிருந்தான். "என்னக்கா சொன்னே?"

"புஷ்பா வேலைக்குத்தான் வந்தான்னு சொல்லிட்டேன்டா."

"அலமாக்! என் வாயிலயும் மண்ணா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "நானும் அதையேதான் சொன்னேன்," என்றான். ரொஹானா ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். வெளியே வந்து, தானும் அதையே சொன்னதாகத் தலையை ஆட்டினாள்.

சற்று நேரத்தில் தயானந்தன் கதவைத் திறந்தார். கோபப்படவில்லை, களைத்த குரலில், எப்போதும் போலச் சொன்னார்:

"குழு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். கீழ டாய்லெட் நாறுது. கொஞ்சம் பாத்துடுங்க."

கனகராஜின் கை பழக்கத்தில் வாளியை நோக்கிப் போனது, பாதியில் நின்றது.

"நாங்க இப்ப யாருகிட்ட வேலை செய்றோம், சார்?" என்று கேட்டாள் செல்லம். "அதச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில புஷ்பாவுக்கும் அந்தப் பேரையே சொல்லுங்க. அப்புறம் வாளியத் தொடறோம்."

"இப்படிப் பேசினா ரிசல்ட் எப்படி வரும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றான் கனகராஜ்.

முத்திரைக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொதுமக்களுக்கான பெஞ்சில் அந்த மூவரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முதலில் ரொஹானா உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்லம். கனகராஜ் ஓரத்தில். வரிசையிலிருந்த சீனக் கிழவர் ஒருவர் தம் பையை நகர்த்தி இடம் விட்டார்.

ரொஹானா செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். தயானந்தன் நின்று பார்த்தார். மூவரும் எழுந்திருக்கவில்லை.