மூன்றாவது கேள்வி

சிகாகோவின் மேற்குப் பகுதியில் கல்லூரிப் படிப்பை உண்மையிலேயே முடித்த ஒரே மனிதன் தான்தான் என்று கார்டெல் அறிவித்தபோது, அவன் கையில் அவனுடைய அம்மாவின் சவப்பெட்டி இருந்தது.

பெட்டியைத் தூக்க ஆறு பேர். இடப்பக்கம் கடைசி ஆள் அவன். ஒரு கை கைப்பிடியில், மற்றது அடியில். சர்ச் படிகளில் பத்திரமாக இறங்கி நடைபாதைக்கு வந்த பிறகு, சவ வண்டியின் பின்கதவு திறக்க மறுத்துவிட்டது. சவ அடக்கக் கம்பெனிக்காரர் வெள்ளைக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவோடு மல்லுக்கு நின்றார். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, திரும்ப உள்ளே கொண்டுபோகவும் கூடாது என்று லோனி மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆகவே ஆறு பேரும் ஆகஸ்ட் வெயிலில் கறுப்புக் கோட்டுடன் நின்றார்கள். நிற்கிறவர்கள் ஏதாவது பேசத்தானே வேண்டும்.

"மத்தவனுங்க நாலு வருஷம், ஆறு வருஷம்னு உக்காந்திருக்கானுங்க மாமா. நான் ஒரே செமஸ்டர். அங்க இருந்த சரக்கு மொத்தத்தையும் வாங்கிட்டு வந்துட்டேன். அதுக்கு மேல அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"பெட்டிய நேரா புடி" என்றார் மாமா.

"படிச்சவன் புடிக்கிற மாதிரிதான் புடிச்சிருக்கேன்."

அப்போது அவன் கோட்டுப் பையில் அம்மாவின் போன் அதிர்ந்தது. காலையில் அக்கா லட்ரீஸ் அதை அவனிடம் கொடுத்து, "சத்தத்த அணைச்சு வெச்சுக்க, எடுக்காத" என்று சொல்லியிருந்தாள். சத்தத்தைத்தான் அணைத்திருந்தான். இரண்டு கையும் வேலையில் இருந்தன. பை பெட்டியின் பக்கப்பலகையை ஒட்டி நசுங்கியிருந்ததால், அதிர்வு மரத்தில் ஏறி, உள்ளே இருப்பவள் ஏதோ சொல்ல முயல்வதுபோல் உறுமியது. முன்னால் நின்ற சர்ச் டீக்கன் ஹோலிஸ் வெளிறிப்போய்த் திரும்பினார்.

"யாருடா அது?"

"அம்மாவோட புள்ளைங்கதான். விஷயம் தெரியாதவங்க" என்றான் கார்டெல். "அட்டெண்டன்ஸ் சொல்றதுக்குக் கூப்பிடுதுங்க."

அவன் அம்மா வெர்னிஸ் மாநகரப் பள்ளி ஒன்றின் ஆபீசில் வருகைப் பதிவு பார்த்தவள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது அவள் வேலை. பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போனதும் மற்றவர்களுக்கு அந்த வேலை முடிந்துவிடும். வெர்னிஸுக்கு முடியவில்லை. ஜூன் மாதம் பள்ளி முடிப்பு விழா மேடையில் தொப்பியை வீசியெறிந்த கூட்டத்தில் பாதிதான் செப்டம்பரில் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும், மறுவருடம் அதிலும் பாதிதான் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும், சட்டை வாங்கியிருக்கும், கேக்கில் கல்லூரியின் பெயர்கூட எழுதியிருக்கும். ஆனால் கிளம்பாது. அதனால் அவள் சமையலறையில் நின்றபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்த்தவாறே ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். கேள்விகள் மூன்றுதான். சாப்டியா? தூங்குனியா? நாளைக்கு எத்தனை மணிக்கு?

முதல் இரண்டு கேள்விக்கும் எல்லோரும் பொய் சொல்வார்கள். மூன்றாவது, வகுப்புக்குக் கிளம்பும் நேரம்; அதற்குப் பொய் சொல்வது கஷ்டம். பதில் வராவிட்டால் வெர்னிஸ் திருப்பிக் கேட்க மாட்டாள், புத்தி சொல்ல மாட்டாள், போனை வைக்கவும் மாட்டாள். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். மறுமுனையில் இருப்பவனுக்குக் குழாய்ச் சத்தமும் தட்டு மோதும் சத்தமும் கேட்டுக்கொண்டேயிருக்கும். கடைசியில் எவனும் "எட்டு மணிக்கு மிஸ் வெர்னிஸ்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதைக் கார்டெல் அச்சு அசலாக நடித்துக் காட்டுவான். குடும்ப விருந்து எதுவும் அது இல்லாமல் முடிந்ததில்லை.

கதவு ஒருவழியாகத் திறந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் சுருக்கமாகப் பேசினார். லட்ரீஸ் மண்ணைப் போட்டாள். கார்டெல் போட்ட மண் பெட்டியில் விழாமல் ஓரமாக விழுந்தது. இன்னொரு பிடி எடுக்கலாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

திரும்பி வந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, ஸ்பகெட்டி, கீரை, சீஸ் போட்ட மக்ரோனி. கோழி உள்ளே போனதும் துக்கத்துக்குக் கொஞ்சம் வாய் வந்தது. வெர்னிஸைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். சிரிப்பு எழும்பியது.

"டேய் கார்டெல், அம்மா மாதிரி பண்ணிக் காட்டுடா" என்றார் லோனி மாமா.

"இன்னைக்கா மாமா?"

"இன்னைக்குத்தான்டா. பண்ணு."

கார்டெல் எழுந்தான். கோழிக்காலைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கினான். இரண்டு காலித் தட்டுகளைக் கையில் எடுத்தான். "சாப்டியா கண்ணு? ம். தூங்குனியா? ம், ம். நாளைக்கு எத்தனை மணிக்கு?" பிறகு அந்த மௌனம். தட்டோடு தட்டை உரசினான். கூரையைப் பார்த்தான். மறுபடி உரசினான். மக்ரோனியைக் கரண்டியால் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு வந்து மறுபடி உரசினான். மேசை மேசையாகச் சிரிப்பு வெடித்தது. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட சர்ச் நர்ஸம்மா, மயக்கம் போடுகிறவர்களுக்காகக் கொண்டுவந்திருந்த விசிறியால் தன் முகத்துக்கே விசிறிக்கொண்டு அழுது சிரித்தாள்.

காப்பி மேசை அருகில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையில் தட்டு, தட்டில் எதுவும் இல்லை. அந்த ஜூனில் பள்ளியை முடித்தவள். அம்மாவின் காரில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறான். பெயர் அமாரி. கார்டெல் போன அதே கல்லூரிக்குத்தான் அவளும் போக வேண்டும். நாளைக்கு. வெர்னிஸ்தான் கொண்டுபோய் விடுவதாக இருந்தது.

"சாப்பிடலையா?" என்று கேட்டவன், அது முதல் கேள்வி என்று உறைத்ததும் அவசரமாக, "கோழி நல்லாருக்கு" என்று சேர்த்துக்கொண்டான்.

"அங்க எப்படிண்ணா இருந்துது?"

இதற்கு அவனிடம் தயாராக ஒரு சொற்பொழிவு இருந்தது. "சுத்தி சோளக்காடு. நடுவுல ஒரு கட்டடம். உள்ள ஒருத்தர் பேசிட்டே இருப்பாரு. வெளிய வந்தா மறுபடி சோளம். மூணு மாசம் சோளத்த பாத்தேன், சோளம் என்னப் பாத்துது. அதுக்கு என்னத் தெரிஞ்ச அளவுக்குக்கூட அங்க வேற யாருக்கும் தெரியாது."

வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார்கள். அமாரி தலையாட்டினாள்.

"அதான் நானும் நெனச்சேன். நான் போகலண்ணா. ஏர்போர்ட் பக்கத்துல பார்சல் குடோன்ல ஆள் எடுக்கறாங்களாம். நீங்களும் அங்கதான வேலை பாக்கறீங்க?"

"ஆமா. ஆனா நான்…" என்று தொடங்கினான். படிப்பை முடித்தவன் என்ற வாக்கியம் பாதி வழி வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

அமாரி காலித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "திங்கக்கெழம, அவங்க எறந்த அன்னைக்கு, என்கிட்டதான் பேசிட்டு இருந்தாங்க. எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. எனக்கு பயம், நான் ஒண்ணும் சொல்லல. அவங்களும் பேசல. அவங்க அப்படித்தான இருப்பாங்க, இப்ப நீங்க பண்ணீங்களே, அந்த மாதிரி. நான் காத்துட்டு இருக்கேன். அப்புறமா எட்டு மணிக்கு, வர்றேன் மிஸ் வெர்னிஸ்னு சொல்லிட்டேன்."

கார்டெல் தோளில் ஒட்டியிருந்த கோழி எண்ணெயைத் துடைத்தான்.

"அவங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியல. பாத்திர சத்தமே இல்லண்ணா அன்னைக்கு. எனக்குத் தோணியிருக்கணும்ல."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் மாடிப்படி ஏறிப் போனாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் லட்ரீஸ் ஒரு பெரிய தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ண என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. பேசிட்டுதான் இருந்தேன்."

"அதத்தான் கேட்டேன்."

கார்டெல் துடைக்கும் துணியை எடுத்து, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அக்கா, அம்மா உன்கிட்ட அந்தக் கேள்வியெல்லாம் கேட்டிருக்காங்களா?"

"என்கிட்டயா? என்கிட்ட எதுக்குடா?"

"என்கிட்டயும் கேட்டதில்ல."

"நம்ம வீட்டுப் புள்ளைங்கள கேக்கணுமான்னு இருந்திருப்பாங்க." லட்ரீஸ் சுரண்டுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி தொடங்கினாள். "மிசிசிப்பிலேருந்து வந்த சொந்தக்காரங்க இன்னைக்கு நம்ம வீட்லதான் தங்கப்போறாங்க. நீ போய்ப் படுக்கையெல்லாம் போட்டு வை. போ."

அந்த ஒரு செமஸ்டரில் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் கூப்பிட்டதுண்டு. "எல்லாம் நல்லாருக்குல்ல?" என்பாள். நல்லாயிருக்கு என்பான். சந்தோஷமாக வைத்துவிடுவாள். பின்னால் பாத்திரச் சத்தம் இருந்ததே இல்லை. அவனோடு பேசும்போது அவள் உட்கார்ந்து பேசுவாள்.

வீட்டில் விரிப்புகள் போதவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து, ஹாலின் சோஃபாவுக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் போட்டு முடித்ததும், அவனுடைய பழைய ஒற்றைக் கட்டில் மட்டும் மிச்சமிருந்தது. துணி உலர்த்தும் மெஷினில் ஏதாவது இருக்குமா என்று திறந்து பார்த்தான். திங்கட்கிழமை போட்டது அப்படியே இருந்தது. ஒரே ஒரு விரிப்பு, நீல நிறம், புதிது. புதுத்துணியை ஒரு தடவை துவைக்காமல் அம்மா யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

கொண்டுவந்து கட்டிலில் விரித்தான். தலைமாட்டில் செருகிவிட்டுக் கால்மாட்டுக்கு வந்தால், விரிப்பு முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. தரை வரை தொங்கியது.

ஹாஸ்டல் கட்டில்கள் வீட்டுக் கட்டிலைவிட நீளம். இது அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் அறையில் கூட இருந்த பையனின் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவளும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கட்டிலில் படுத்தவள். வெர்னிஸுக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டிலின் விரிப்பைத்தான் துவைத்து, இஸ்திரி போட்டு, கொடுத்தனுப்பினாள். தலைப்பக்கம் இழுத்தால் கால்பக்கம் கழன்றுவிடும். கால்பக்கம் இழுத்தால் தலைப்பக்கம். கொஞ்ச நாளில் விட்டுவிட்டு, வெறும் மெத்தைமேல், பிளாஸ்டிக் உறை சரசரக்க, படுத்துக்கொண்டான். அதைப் பார்க்கக் கூடாதென்று யாரையும் அறைக்குள் அழைக்கவில்லை. பிறகு வகுப்புக்கும் போகவில்லை.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வந்தபோது இதையும் ஒரு நகைச்சுவையாக்கிச் சொன்னான். "அங்க கட்டிலும் படிச்ச கட்டிலு மாமா, நம்ம வீட்டுத் துணி அதுக்கு எட்ட மாட்டேங்குது." மேசை முழுக்கச் சிரித்தது. அம்மா எழுந்துபோய் உள்ளிருந்து ரொட்டி எடுத்துவந்தாள். மேசையில் ரொட்டி நிறைய இருந்தது.

அதற்கப்புறம் அவள் கொண்டுபோய்விட்ட பிள்ளைகள் எல்லோருடைய மூட்டையிலும் ஒரு நீளமான விரிப்பு இருந்திருக்கிறது. காரின் பின்பக்கம் ஏதோ பொட்டலம் இருப்பதைப் பார்த்திருக்கிறான். கேட்டதில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். வெளியே லேக் தெருவின் மேம்பாலத்தில் ரயில் போயிற்று. போன் மறுபடி அதிர்ந்து நின்றது. எந்த ஊரின் எந்த ஹாஸ்டலிலிருந்தோ ஒரு பிள்ளை. போனை வெளியே எடுத்து, பெயர்களை மேலும் கீழும் தள்ளி, அமாரியின் பெயரில் நிறுத்தினான்.

இரண்டாவது ஒலிப்பிலேயே எடுத்துவிட்டாள். எடுத்தவள் பேசவில்லை. இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யார்தான் என்ன பேசுவார்கள்.

"நான்தான்" என்றான். "கார்டெல்."

"ம்."

"சாப்டியா?"

"சாப்டேன்" என்றாள். பொய்.

"தூங்குனியா இந்த வாரம்?"

"தூங்குனேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்த இடத்தில் குரலை மாற்றினால்தான் ஆட்கள் சிரிப்பார்கள். மாற்றவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

மறுமுனையில் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் இருந்தது, அதுவும் பிறகு கேட்கவில்லை. சோளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் பாதி பொய் என்று சொல்லலாம். கார் இருக்கிறது, சாவி இருக்கிறது, வழி தெரியும் என்று சொல்லலாம். அவளுடைய எட்டு மணி அம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்றுகூடச் சொல்லலாம். அது உண்மையா என்று அவனுக்குத் தெரியாது. எதையும் சொல்லவில்லை.

வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அது அவளுக்கும் கேட்கிறது என்பது சட்டென்று அவனுக்கு உறைத்தது.

எழுந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். கழுவ எதுவும் இல்லை. லட்ரீஸ் காலையிலேயே எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாக இருந்த அந்தத் தட்டைத் தேய்க்கத் தொடங்கினான்.