முன்வாசலில் இறங்கியவள்

என் தங்கை புருஷன் ஹரீந்திரன் சுற்றுலா போகமாட்டான், பயணம்தான் போவான். வித்தியாசத்தை விளக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். எனக்கு நான்கு முறை விளக்கியிருக்கிறான். சுருக்கமாகச் சொன்னால், ஆட்டோவில் ஏறினால் சுற்றுலா, டவுன் பஸ்ஸில் நசுங்கினால் பயணம்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் கோழிக்கோட்டைப் பார்ப்பதற்காக அவனும் என் தங்கை மிருதுளாவும் கோட்டயத்திலிருந்து வந்திறங்கினார்கள். உள்ளூர்க்காரனான என் வீட்டில் தங்குவதும் சுற்றுலாவாம். லாட்ஜில் அறை எடுத்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே முதுகுப்பை. அதற்குள் பதினோரு சின்னப் பைகள், ஒவ்வொன்றும் நீர் புகாத உறையில், மேலே சீட்டு ஒட்டியபடி.

மிருதுளாவுக்கு ஏழு வயதிலிருந்து ஆஸ்துமா. இன்ஹேலரைத் தானே வைத்துக்கொள்வதாக லாட்ஜிலிருந்து கிளம்பும்போது கேட்டாள். எங்காவது போட்டுவிடுவாய், எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்றான். அவளுடைய போனும் முறைப்படி அதே பைக்குள் போயிற்று. பக்கத்தில் நின்ற நான் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தேன். அவனோடு வாதாடினால் இன்னொரு முக்கால் மணி நேரம் போய்விடும்.

பேப்பூர் பஸ். பெண்களுக்கு முன்வாசல், எங்களுக்குப் பின்வாசல். மழை வலுத்ததும் ஜன்னல்களில் எல்லாம் தார்ப்பாய்த் திரை இறங்கியது. உள்ளே இருட்டு, ஈரச் சட்டை வாடை, எழுபது பேரின் மூச்சு. நிற்பவன் பையை உட்கார்ந்திருப்பவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், எங்கள் மூட்டை ஒரு பெரியவரின் மடியில் ஏறியது.

"உள்ள என்ன மோனே, குடும்பமா?" என்று கேட்டார் அவர்.

ஹரீந்திரன் அவருக்கு வித்தியாசத்தை விளக்கத் தொடங்கினான்.

கல்லாய்ப் பாலம் தாண்டியபின் முன்பக்கமிருந்து வாய்க்கு வாய் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது, மருந்து கேட்கிறாள்.

ஹரீந்திரன் பையைத் திறந்தான். முதல் உறையில் கொசு மருந்து. அடுத்ததில் காலுறைகள். சீட்டுகளைப் படிக்க வெளிச்சம் இல்லை. சீக்கிரம் எடு என்றேன்.

"பதறாதீங்க அளியா, வரிசையாத்தான் வரும்," என்று மச்சானான என்னை அடக்கினான்.

எட்டாவதில் இருந்தது. டிக்கெட் சில்லறை போவதைப் போல அந்த நீலக் குழல் தலைகளுக்கு மேலே கைக்குக் கை மாறி முன்னால் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே கைகள் வழியாகத் திரும்பி வந்தது. அந்தப் பெண் வட்டக்கிணறு நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாளாம், கண்டக்டர் சொன்னார். நிற்க முடியவில்லையாம், துணைக்குப் பர்தா போட்ட ஒரு இத்தாத்தாவும் இறங்கினாராம்.

மீஞ்சந்தையில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் திரும்பி ஓடினோம். நிறுத்தத்தில் யாருமில்லை. நான் பதற்றத்தில் மிருதுளாவின் எண்ணை அழுத்தினேன். ஹரீந்திரனின் முதுகில் மணி அடித்தது.

இரண்டு பேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதாக டீக்கடைக்காரர் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஆஸ்பத்திரியில் இருந்தாள். முகமூடிக்குள் மருந்து புகையாக வந்துகொண்டிருந்தது. உதட்டில் நீலம் இன்னும் போகவில்லை. நனைந்த பர்தாவோடு ஒரு பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பெயர் சுபைதா, மீஞ்சந்தைத் துணிக்கடையில் வேலை. இன்று வரவில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டாளாம். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இப்போதும் நிச்சயமாக எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் போகட்டும் என்றார்.

ஹரீந்திரன் இன்ஹேலரை அவள் முன்னால் நீட்டினான்.

"பாரு, கரெக்டா எட்டாவது பையிலதான் இருந்துச்சு."

மிருதுளா அதைப் பார்க்கவில்லை.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து, கூட இருக்கப்போவது யார் என்று கேட்டாள். நான் புருஷன் என்று அவன் முன்னால் போனான். நான் ஏட்டன், கூடப்பிறந்த அண்ணன் என்று அவனுக்குப் பின்னால் நானும் போனேன்.

மிருதுளா கையைத் தூக்கினாள். விரல் அவனைத் தாண்டியது. என்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு என்னையும் தாண்டிப் போய்ச் சுபைதாவைக் காட்டியது.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

சுபைதா சற்று யோசித்தாள்.

"பஸ்ல பக்கத்துல நின்னேன்."

நர்ஸ் உறவுமுறை என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்குக் காட்டினாள்.