தூங்குமூஞ்சியின் தூக்கக் கணக்கு

“மெஷின்லதான் கோளாறு. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடக்கிற மனுஷி ரெண்டு மணி நாப்பது நிமிஷமா தூங்குவா?” என்று பக்கத்து வீட்டுத் தம்பி கத்திக்கொண்டிருந்தான். அப்படியானால் தான் ஓடியதை மட்டும் எப்படிச் சரியாகக் காட்டுகிறது என்று அவன் தங்கை அதைவிட உரக்கக் கேட்டாள். நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே போர்வையை நாலு தடவை மடித்தேன் என்பது வேறு விஷயம்.

சண்டை ஒரு ஃபிட்னெஸ் பேண்டைப் பற்றியது. தங்கைக்கு வங்கியில் கவுண்ட்டர் வேலை. பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஓட்டத்தையும் தூக்கத்தையும் அளக்க ஒரு பேண்ட் வேண்டும், அதுவும் சட்டைக் கைக்குள் ஒளிகிற மாதிரி மெலிசாக. தம்பி மின்சாதனக் கடையில் விற்பனையாளன். வாயைத் திறந்தால் தள்ளுபடி பற்றித்தான் பேச்சு என்பதால் தெருவில் அவனுக்கு டிஸ்கவுண்ட் என்று பெயர். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடையிலிருந்து மூன்று பேண்டுகள் எடுத்து வந்திருந்தான்.

சோதனை நடந்த விதம்தான் அழகு. தங்கைக்குக் கையில் ஏதாவது கட்டியிருந்தால் தூக்கம் வராது. அதனால் காலையில் கட்டிக்கொண்டு ஓடுவது அவள், ராத்திரி கட்டிக்கொண்டு தூங்குவது அவர்களுடைய அக்கா. யார் தூக்கமாக இருந்தால் என்ன, மெஷின் சரியாக அளக்கிறதா என்றுதானே பார்க்க வேண்டும் என்றான் டிஸ்கவுண்ட். அதற்கு அக்காவைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது. அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவதே தூங்குமூஞ்சி என்றுதான். மத்தியானம் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிடும். எனக்குத் தைத்த திரைச்சீலையில் ஓரத் தையல் பாதியில் கோணிக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறது. இன்னும் சமையலறை ஜன்னலில் அப்படியே தொங்குகிறது.

அவர்களுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டரை வருடம் ஆகிறது. அவரோடு பின்னறையில் படுப்பது அக்கா. புரட்டிப் படுக்க வைக்க, தண்ணீர் புகட்ட, துணி மாற்ற, எல்லாம் அவள்தான். மற்ற இருவரும் முன்னறைகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கோணல் தையலைப் பார்த்து வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவ, மூன்று மாதமாக அக்கா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு முறை போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று. நீதான் பகல் பூரா தூங்கி வழிகிறாயே என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்தார்கள்.

இப்போது மூன்று பேண்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரே கதையைச் சொல்லின. மூன்று ராத்திரி, மூன்று பேண்ட், எதுவுமே மூன்று மணி நேரத்தைத் தொடவில்லை.

அக்கா வாய் திறந்தாள். “எத்தனை தடவை எழுந்தேன்னு போட்டிருக்கா அதுல?”

“பதினோரு தடவைன்னு காட்டுது. நம்புற மாதிரியா இருக்கு?” என்றான் டிஸ்கவுண்ட்.

“பன்னெண்டு. ஒண்ணை விட்டுடுச்சு.”

நான் போர்வையைக் கீழே வைத்துவிட்டேன்.

“வாரத்துல ஆளுக்கு ரெண்டு ராத்திரி பாருங்கடா. மீதி மூணும் நான் பார்த்துக்கிறேன்” என்றாள் அக்கா.

தங்கை ஓட்டப் பந்தயத்தை நினைவூட்டினாள். எட்டு மணி நேரம் தூங்கியாக வேண்டுமாம், அதை அளக்கத்தானே பேண்டே வாங்குவது. டிஸ்கவுண்டுக்குக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, மூன்று பேண்டையும் டப்பாவில் போட்டு மூடினான். திருப்பித் தருகிற சீட்டில் காரணம் எழுதியதை வாய்விட்டுப் படித்தான். “தூக்கத்தைத் தவறாகக் காட்டுகிறது.”

தவறில்லை என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீர் குடிக்க எழுந்த ராத்திரிகளில் எல்லாம் அந்தப் பின்னறை விளக்கு எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். தெருவில் எதையெதையோ சொன்ன நான் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீங்கள் ஒரு ராத்திரி வந்து அவரைப் பார்த்துக்கொள்ளுங்களேன் என்று பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கும்.

மறுநாள் அவன் நாலாவதாக ஒன்று கொண்டுவந்தான். இருப்பதிலேயே மெலிசு. இந்தத் தடவை தூங்கிப் பார்த்தது அவனே. எட்டு மணி நேரம் பத்து நிமிடம். இதுதான் சரியான மெஷின் என்று வீடே ஒத்துக்கொண்டது, அக்காவைத் தவிர.

பந்தயத்தன்று தங்கை ஓடப் போனாள், அக்கா பெட்டியோடு கிளம்பினாள். ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, தங்க அறையும் உண்டு. விழித்திருக்கச் சம்பளம், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். தம்பியும் தங்கையும் பதினைந்து நாள் முறை போட்டுப் பார்த்தார்கள். பதினாறாம் நாள் அப்பாவை அதே இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கேதான் அக்கா இருக்கிறாளே. அக்கா அந்த வாரமே பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். அப்பாவுக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடுகிறாள், முகம் துடைக்கிறாள், இருட்டியதும் அறைக்குப் போய்விடுகிறாள்.

தங்கை தன்னோடு ஓடிய ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். டிஸ்கவுண்ட் கடையில் பில் போடுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மாமனார் வீட்டோடு போனான். அக்காவையும் அந்த இல்லத்துச் சமையல்காரர் ஆள் விட்டுப் பெண் கேட்டாராம். முதலில் நல்லாத் தூங்கி முடிக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றாளாம். வருடம் ஒன்றாகிறது, இன்னும் சொல்லவில்லை.