மறியல் கூடினாலும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் ஜெயரூபன் பிடிபட்டான். மனைவி நிரஞ்சலா முதுகு ஒப்பரேஷன் முடிந்து எழும்ப முடியாமல் கிடந்தாள். ஒன்பது வயது மகள் சாருஜாவுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றவனைப் பொலிஸ் கூட்டிப் போனது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அடிபிடி வழக்கில் தண்டனை பெற்று ஊருக்கு நாடுகடத்தப்பட்டவன் அவன். திரும்பி வருவதற்கான தடைக்காலம் முடியவில்லை. ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டதும், ஒருவருக்கும் சொல்லாமல் ஜெர்மனி வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எல்லை கடந்துவிட்டான்.

கீழ்நீதிமன்றம் மூன்று மாதச் சிறைமறியலும், நாட்டுக்குள் வரப் புதிதாகப் பன்னிரண்டு வருடத் தடையும் விதித்தது. அவனுடைய சட்டத்தரணி யூலியானா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பீல் போனால் அரசதரப்பும் கூடுதல் தண்டனை கேட்கும், பேசாமல் ஏற்றுக்கொண்டால் கெதியில் வெளியில் வரலாம் என்று விளக்கினாள்.

"வெளியில வந்தால் பிளேனில ஏத்துவினம்," என்றான் அவன். "பன்னிரண்டு வருசத்தில பிள்ளைக்கு இருபத்தொரு வயசு, தங்கச்சி. மறியல் கூடினாலும் இருக்கிறன். தடையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ."

மறியலுக்குப் பார்க்க வந்த நிரஞ்சலாவுக்குக் கோபம் ஆறவில்லை. தன்னைக் கேளாமல் வந்ததற்கும், இப்போது தன்னைக் கேளாமல் அப்பீல் போவதற்கும் சேர்த்துப் பேசினாள். ஆனால் போகும்போது, தானும் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னாள்.

மேல்நீதிமன்றம் ஓகூஸ் நகரில் கூடியது. இடுப்புப் பட்டியோடு ரயிலில் போன நிரஞ்சலா, உட்கார மறுத்து நின்றபடியே டெனிஷில் பதில் சொன்னாள். அவன் செய்தது பிழைதான், ஆனால் அந்தக் கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இருக்கவில்லை என்றாள்.

இனியும் இப்படி வருவீரா என்று நீதிபதி அவனிடம் கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லும்படி யூலியானா சொல்லி வைத்திருந்தாள். அவன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"பிள்ளை அழுதால் மனம் வரத்தான் சொல்லும். களவாய் வரமாட்டன். அதுக்குத்தான் முறையாய் வாற ஒரு காலத்தைக் கேக்கிறன்."

யூலியானா தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னேரம் தீர்ப்பு வந்தது. மறியல் நாலு மாதமாகக் கூடியது. குடும்பத்தைக் கருதித் தடை ஆறு வருடமாகக் குறைந்தது. ஜெயரூபன் இரண்டையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான். அவளுக்குக் கண் கலங்கினாலும் முகம் தெளிந்திருந்தது.

வீட்டில் சாருஜா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, அப்பா திரும்பி வரும்போது நான் ஒன்பதாம் வகுப்பில் இருப்பேன் என்று டெனிஷில் சொன்னாள். அதற்கு முந்தியே, லீவுக்கு நாங்கள் ஊருக்கு அப்பாட்டப் போகலாமா என்றும் கேட்டாள்.

"ஓம்," என்றாள் நிரஞ்சலா. "நான் நல்லாய் நடக்கத் தொடங்கின உடனே போவம்."

மறுநாள் காலை மருத்துவர் சொல்லியிருந்த பயிற்சிக்குப் போக, வழமையான பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் நடந்தே புறப்பட்டாள்.